தங்கச்சியின் துவக்கு

அம்மா எங்களோடு லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. அவருடைய முழங்கால் வலி, பிரஷர் குளிசை, கண் கிளினிக் எல்லாம் என் பொறுப்பு. ஆனால் டெக்சாஸில் இருக்கும் என் தங்கச்சி இரண்டு கிழமை லீவில் வந்து இறங்கிய அன்று, நெடுநாளாக அடுப்படிப் பக்கமே வராத அம்மா தானே கணவாய்க் கறி வைத்தார். அவளுக்குப் பிடிக்குமாம். எனக்கும் கணவாய் பிடிக்கும்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாடசாலை ஒன்றில் அலுவலக வேலை. வளர்ந்த மகள் இருக்கிறாள். என்றாலும் அந்த இரண்டு கிழமையும், என்னைவிட ஆறு வயது இளையவளைப் பார்த்து உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தேன்.

அவள் வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என் கணவரின் நண்பர்கள் இரண்டு குடும்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். என் மகள்தான் தொடங்கி வைத்தாள்.

“சித்தி, நீங்க ரியலா கன் வச்சிருக்கிறீங்களா?”

மேசையில் எல்லாக் கையும் நின்றது. தங்கச்சி சிரித்தாள். அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்குள் ஒருமுறை கொள்ளைக்காரர் புகுந்தார்கள். அதற்குப் பிறகு பயிற்சி எடுத்து, லைசென்ஸ் எடுத்து, கைப்பையில் சின்னப் பிஸ்டல் ஒன்றை வைத்திருப்பதாகச் சொன்னாள்.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். உனக்கேனடி உது?” என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

“இங்க கொண்டு வரேல்லைத்தானே?” என்றார் என் கணவர்.

“ஐயோ அத்தான், எயார்போட்டிலயே பிடிச்சு உள்ளுக்குப் போட்டிடுவாங்கள். வீட்டில பெட்டியில பூட்டி வச்சிட்டு வந்தனான்.”

பிறகு அவள் அந்தச் சம்பவத்தைச் சொன்னாள். ஒரு நாள் அவள் கார் ஓடும்போது பிக்கப் ஒன்று பின்னால் ஹோர்ன் அடித்தபடி துரத்தி வந்திருக்கிறது. சிவப்பு சிக்னலில் அவள் நிற்க, அந்த ஆள் இறங்கி வந்து முஷ்டியால் கண்ணாடியில் குத்தத் தொடங்கினானாம். கைப்பை பக்கத்துச் சீட்டில். இவள் அதைத் தொடவில்லையாம். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து நேரே பார்த்தபடி இருந்து, பச்சை விழுந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

“துவக்கு வச்சிருக்கிற ஆளுக்கு றோட்டில கோவப்பட ஏலாது, அத்தான். மற்ற ஆக்களுக்கு அது வெறும் சண்டை. நாங்கள் கோவப்பட்டா ஆர் சாவினமெண்டு தெரியாது. அதால நாங்கள்தான் முதல்ல சொறி எண்டு மன்னிப்புக் கேக்கவேணும்.”

“என்ன நிதானம்!” என்றார் என் கணவர். பிறகு என்னைப் பார்த்து, “நீயெண்டா இறங்கிப்போய் அவன்ர சட்டையைப் பிடிச்சிருப்பாய்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அங்கே சட்டியைச் சிங்க்கில் போட்ட சத்தம் ஹோலுக்குக் கேட்டிருக்கும். இருபது வருடமாக இந்த லண்டன் றோட்டில் கார் ஓடுகிறேன். ஒருவரும் ஒரு நாளும் என் ஓட்டத்தைப் பற்றிக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டதில்லை. மகள் அன்று பின்னேரம் முழுக்கச் சித்தியின் காலடியில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நானும் தங்கச்சியும் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் புறப்பட்டோம். முழங்கால் ஏலாது என்று அம்மா வரவில்லை. போகிற வழியில் ஸ்ட்ரெதத்தில் ஒரே நெரிசல். எனக்குத் தெரிந்த குறுக்குத் தெரு ஒன்றுக்குள் திருப்பினேன். எனக்கு எல்லாக் குறுக்கு வழியும் தெரியும் என்று அவள் பார்க்கவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தியிருந்தபடியால் நடுவில் ஒரு வாகனம் போகத்தான் இடம். பாதித் தெரு போனபோது எதிரே வெள்ளை வான் ஒன்று வந்து என் முன்னால் நின்றது. எனக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் ஒதுங்க இடம் இருந்தது. அவனுக்குப் பின்னாலும் இருந்தது. என்னுடையதுதான் கிட்ட. அது எனக்குத் தெரியும்.

அவன் லைட் அடித்தான். நான் அசையவில்லை. ஹோர்ன் அடித்தான். நானும் அடித்தேன்.

“பின்னுக்கு எடு, அக்கா” என்றாள் தங்கச்சி.

“நான்தான் முதல்ல வந்தனான்.”

“அதுக்கென்ன? அவன் போகட்டும்.”

அந்தக் குரலில் இருந்த நிதானம்தான் என்னைக் கிளப்பியது. ஞாயிற்றுக்கிழமைக் குரல். வான்காரன் இறங்கி வந்தான். நாற்பது வயதிருக்கும், முகம் சிவந்திருந்தது. நான் சீட் பெல்டைக் கழற்றினேன்.

“இறங்காதை அக்கா! கதவைத் திறக்காதை!”

நான் இறங்கினேன். கையில் துவக்கில்லாமலும் ஒருத்தி பயப்படாமல் நிற்கலாம் என்று அவளுக்குக் காட்டத்தான் இறங்கினேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. அவன் கத்தினான். நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். என் நாட்டைப் பற்றி ஏதோ சொன்னான். அவனுடைய தாயைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவன் என் காரின் வைப்பரைப் பிடித்து மடக்கினான். அது முறிந்த சத்தம் கேட்டபோதுதான், இந்த ஆளுக்கும் எனக்கும் இடையில் ஒரு கை தூரம்கூட இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அந்த நேரம் என் கார் பின்னுக்குப் போகத் தொடங்கியது.

தங்கச்சி சாரதி சீட்டுக்கு மாறியிருந்தாள். பழக்கமில்லாத பக்கத்தில் இருந்துகொண்டு, மெதுவாக, ஒரு காரிலும் முட்டாமல், பின்னால் இருந்த இடத்துக்குள் கொண்டுபோய் ஒதுக்கினாள். ஜன்னலால் தலையை நீட்டி, “அக்கா, பேவ்மெண்டில ஏறு!” என்று கத்தினாள். அவனுக்குக் கையை உயர்த்தி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

வழி திறந்திருந்தது. அவனுக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னை ஒருமுறை பார்த்தான், காறித் துப்பினான், வானில் ஏறிப் போய்விட்டான். நான் ஒருத்தருடைய மதிலைப் பிடித்தபடி நின்றேன்.

காருக்குள் ஏறியதும் அவள்மேல் பாய்ந்தேன். “என்னை நடு றோட்டில விட்டிட்டு அவனிட்டச் சொறி கேக்கிறாய்! உனக்கு வெக்கமில்லையோ?”

அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

“அண்டைக்குச் சொன்னது பொய், அக்கா” என்றாள். “நான் அதை எடுத்தனான்.”

எனக்கு விளங்கவில்லை.

“துவக்கை. கைப்பையில இருந்து எடுத்து அந்த மனுசன்ர முகத்துக்கு நேர பிடிச்சனான்.”

பிழை அவளுடையதுதானாம். பார்க்காமல் காரை அவருடைய பாதைக்குள் வெட்டியிருக்கிறாள். கண்ணாடியில் குத்தியது உண்மை. ஆனால் துவக்கைக் கண்டதும் அந்த மனிதர் இரண்டு கையையும் தூக்கியபடி பின்னால் நடந்து, பேவ்மெண்ட் விளிம்பில் தடக்கி மல்லாக்க விழுந்தாராம். அறுபது வயதுக்கு மேலாம். பிக்கப்புக்குள் அவருடைய மனைவி கத்திய கத்தல் இன்னும் காதில் கேட்கிறது என்றாள்.

“சிக்னல் பச்சையா மாறியிருந்தது, அக்கா. முன்னால ஒரு வாகனமும் இல்லை. நான் போயிருக்கலாம்.”

பொலிஸ் வந்து நீண்ட நேரம் விசாரித்ததாம். அந்த மனிதர் முறைப்பாடு வேண்டாம் என்றதால் தப்பினாளாம். பயிற்சி கொடுத்தவரிடம் திரும்பப் போனபோது, போக வழி இருக்கும்போது அது பையைவிட்டு வெளியே வரக்கூடாது, ஆளை வெருட்டுவதற்கு எடுக்கிற சாமான் இல்லை அது என்று அவர் ஏசினாராம். ஒரு வருடம் அதைத் தொடாமல் இருந்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து படித்தாளாம்.

“அண்டைக்கு மேசையில சொன்னது, நான் செய்திருக்க வேண்டியதை” என்று அழுதாள்.

நான் அவளுடைய முதுகைத் தடவினேன். ஆனால் அந்த நேரம் எனக்குள் எழும்பியது இரக்கமல்ல, சந்தோசம். அவளும் என்னைப் போலத்தான் என்ற சந்தோசம். அந்தச் சந்தோசத்தோடுதான் கோயிலில் கும்பிட்டேன்.

வீட்டில் வைப்பர் கார் வோஷில் முறிந்ததாகச் சொன்னேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவள் திரும்பிப் போவதற்கு முதல் நாள் மறுபடி விருந்து. புதிதாக வந்திருந்த ஒருவருக்காக, “தங்கச்சி, அந்தப் பிக்கப் கதையை ஒருக்காச் சொல்லும்” என்றார் என் கணவர். அவள், “விடுங்கோ அத்தான்” என்றாள். அதோடு நான் விட்டிருக்கலாம்.

“முழுசாச் சொல்லன்” என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லாமல் பார்த்தாள். பிறகு காரில் எனக்குச் சொன்னதை ஒன்றும் விடாமல் எல்லோருக்கும் சொன்னாள், அந்த மனைவி கத்தியதுவரை. நான் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அவளை எல்லோரும் வேறுமாதிரிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

அம்மா அழுதார். மகள் எழும்பிப் போய்ச் சித்தியின் தோளைக் கட்டிக்கொண்டாள். புதிதாக வந்தவர், “இதைச் சொல்லுறதுக்குத்தான் பிள்ளை உண்மையான துணிவு வேணும்” என்றார். என் கணவர் தலையாட்டினார். அவள் செய்த பிழைகூட அவளுக்கு அழகாகப் பொருந்தியது.

அடுத்த நாள் பின்னேரம் அவளை எயார்போட்டில் விட்டு வந்த பிறகு, கணவரிடம் ஸ்ட்ரெதத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் இறங்கியது, கத்தியது, வைப்பர், எல்லாம். அவளால் சொல்ல முடிந்தால் என்னாலும் முடியும் என்ற வீம்பும் அதில் கொஞ்சம் இருந்தது.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஐயோ, தங்கச்சி பயந்து போயிருப்பாவே?” என்றார்.

பிறகுதான், “உனக்கு ஒண்டுமில்லையே?” என்றார்.

“இல்லை” என்றேன்.