குளிர்கோட்டுக்கு அளவெடுத்த துப்பாக்கி

வெல்மா ஹௌகனின் ரைஃபிளை முதல்முறை பார்க்கிற யாரும் சிரித்துவிடுவார்கள். நல்ல வால்நட் மரக் கட்டை. அதன் வால்பக்கம் வெள்ளை வெள்ளையாக இரண்டு பட்டை ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையிலிருந்து அறுத்தது. கன்னம் வைக்கிற இடத்தில் குதிரைக் காலுக்குச் சுற்றுகிற பச்சைக் கட்டுத்துணி. அதற்கு அடியில், தோட்டத்தில் களை பிடுங்கும்போது முட்டிக்கு வைத்துக்கொள்கிற நுரை மெத்தையின் ஒரு துண்டு. கோல்டர் க்ரீக்கில் இதைவிட அசிங்கமான துப்பாக்கியை நான் பார்த்ததில்லை. இதைவிடச் சரியான துப்பாக்கியையும் பார்த்ததில்லை என்று சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது. வாய் மட்டும் உடனே திறந்துவிடும் எனக்கு. தப்பை ஒப்புக்கொள்ளத்தான் நாளாகும்.

எங்கள் ஊர் துப்பாக்கி கிளப்பின் சாவி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை கேட்டைத் திறப்பது, இலக்குப் பலகைகளை நட்டுவைப்பது, வருகிறவர்களுக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்வது, மூன்றும் என் வேலை. டெல்பர்ட் க்ரூம் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் டெல் என்பார்கள். மீதிப் பேர் என்ன சொல்வார்கள் என்பதை நான் விசாரித்ததில்லை.

வெல்மா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட. ஊர்ப் பள்ளியில் நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். அவள் புருஷன் ஓர்வில் ஆறடி இரண்டு அங்குலம். மரம் வெட்டும் வேலையில் இரண்டு முட்டியும் போய்விட்டது. அவனால் மலை ஏற முடியாது என்று ஆனதும், அவன் ரைஃபிளை எடுத்துக்கொண்டு அவள் ஏற ஆரம்பித்தாள். வருஷத்துக்கு ஒரு எல்க் மான் கிடைத்தால் அந்த வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி உண்டு.

தொண்ணூற்றாறு நவம்பரில் அவள் ஒரு பெண் எல்க்கைச் சுட்டாள். நான் கூட இருந்தேன். குண்டு பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. பனியில் ரத்தம் இருந்தது. மதியத்துக்கு மேல் புதுப்பனி விழுந்து அதையும் மூடிவிட்டது. மூன்று நாள் தேடினாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஓடையாக இறங்கி ஏறித் தேடினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் என் வண்டியருகே வந்து, சட்டைப் பையிலிருந்து வேட்டைச் சீட்டை எடுத்து, கத்தியால் அதில் மாதத்தையும் தேதியையும் வெட்டினாள். மான் விழுந்து கிடக்கும்போதுதான் அதை வெட்டி மானில் கட்டுவோம். வெட்டினால் அந்த வருஷத்து வேட்டை முடிந்தது.

எனக்கு வந்தது கோபம். “உனக்கென்ன பைத்தியமா, வெல்மா? சீசன் இன்னும் ஒன்பது நாள் இருக்கு. யாரு பார்த்தா?”

“நான் ஒண்ணைக் கொன்னுட்டேன், டெல். கையில கிடைக்கல, அவ்வளவுதான்.”

“பதட்டத்துல விசையை இழுத்துட்ட. எல்லாருக்கும் நடக்கறதுதான்.”

“பதட்டமே இல்ல. என்னமோ தப்பு இருக்கு, அது என்னன்னு தெரியல. தெரியற வரைக்கும் மலைக்கு வரமாட்டேன். தெரியவே இல்லன்னா துப்பாக்கியை இனிமே தொடவே மாட்டேன்.” குரல் ஒரு சுருதிகூட ஏறவில்லை. முகம் மட்டும் நன்றாக அழுதிருந்தது.

அடுத்த ஏப்ரலில் கோடு போட்ட நோட்டு ஒன்றோடு கிளப்புக்கு வந்தாள். அவள் சமையலறையில் ரொட்டி சரியாக வராவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் செய்வாளாம். ஒரு நாள் தண்ணீர், மறுநாள் சூடு. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அதே மாதிரி இங்கேயும், சனிக்கிழமைக்கு ஒரு மாற்றம், இருபது குண்டு, நோட்டில் இரண்டு வரி.

முதலில் ஸ்கோப்பை, குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டுகிற தொலைநோக்கியை, சந்தேகப்பட்டாள். மெர்ல் இரவல் கொடுத்த ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தாள். மெர்ல் பீட்ஸ் எங்கள் கிளப்பின் விதூஷகன். சுடுவதைவிட நாற்காலியில் சாய்ந்து காபி குடிக்கத்தான் வருவான். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் இரண்டு ஸ்கோப்பிலும் மூன்று குண்டும் ஒரு காசு அளவு இடத்துக்குள் போனது. ஸ்கோப் நிரபராதி. அடுத்து, உதை குறைய குழல் வாயில் ஒரு துளைக்குமிழ் மாட்டினாள். தோளுக்குச் சுகம், காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது. கழற்றிவிட்டாள். முன்னால் மடக்குக் கால் மாட்டினாள். புதரில் சிக்கிக்கொண்டு கடகடவென்று சத்தம் போட்டது. அதையும் கழற்றினாள். துப்பாக்கி ஆடுகிறதே என்று கட்டைக்குள் மீன்பிடிக்கிற ஈயக் குண்டுகளை அடைத்தாள். நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: ‘கனம் கூடினால் ஆட்டம் இல்லை. ஆனால் மலை ஏறுவது நான்.’ மறு வாரம் பாதி ஈயத்தை எடுத்துவிட்டாள். ஓர்வில் கன்னத்துக்குச் செய்த கட்டையில் தன் கன்னம் பதியவில்லை என்று கண்டுபிடித்ததும் அந்த நுரை மெத்தையும் குதிரைத் துணியும் வந்தன.

“வெல்மா, அடுத்த வாரம் லாடம் கட்டிடலாம்” என்றான் மெர்ல்.

“உன் வாய்க்குத்தான் முதல்ல கட்டணும்” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆகஸ்டில் உட்கார்ந்த நிலையில் இருநூறு கஜத்தில் பத்துக்குப் பத்து அடித்தாள். “போதும்மா, இப்ப உலகத்துலயே பெரிய ஆளு நீதான்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “இப்ப நல்லா இருக்கு. அன்னிக்கு ஏன் தப்பாச்சு?” என்று கேட்டாள். பதட்டம் என்று மறுபடி சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

பதில் அக்டோபரில் வந்தது. அன்று காலை உறைபனி. வெல்மா அவளுடைய தடித்த கம்பளிக் கோட்டோடு வந்தாள், அதன் மேல் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேல்சட்டை, முதுகில் பை. குளிர் தாங்காமல் எதையும் கழற்றாமலே உட்கார்ந்து ரைஃபிளைத் தூக்கினாள். தோளில் பதிகிற கட்டை முனையின் ரப்பர் கம்பளியில் சிக்கியது. இழுத்து வைத்தாள். பையின் பட்டைமேல் உட்கார்ந்தது. கழுத்தை நீட்டினாள். சுட்டாள். எட்டு அங்குலம் இடப்பக்கம். இன்னொன்று, இன்னும் தள்ளி. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“டெல், இங்க வா. ஸ்கோப்புக்குள்ள ஓரமா கறுப்பு வருது. பிறை மாதிரி. கழுத்தை நீட்டினா போகுது, ஆனா நீட்டினா கன்னம் கட்டையை விட்டுத் தூக்குது.” மெதுவாகச் சொன்னாள்: “அன்னிக்கும் இந்தக் கறுப்பு இருந்துச்சு. நான் விடியற வெளிச்சம்னு நினைச்சேன்.”

கோட்டும் பட்டையும் சேர்ந்து ஒன்றரை அங்குலம். ஏற்கனவே அவளுக்கு நீளமான துப்பாக்கி. அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் தள்ளிப்போனால் கண் ஸ்கோப்பை எப்படி எட்டும்? நாங்கள் எல்லோரும் சட்டையோடு கோடையில் துப்பாக்கியைச் சரிபார்ப்போம், கோட்டோடு பனியில் சுடுவோம். நாற்பது வருஷமாக நானும் அப்படித்தான். அது ஒரு தப்பு என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

“ஸ்கோப்பை ஓர் அங்குலம் பின்னால தள்ளு, தீர்ந்துது” என்றேன். தள்ளினாள். அடுத்த குண்டின் உதையில் ஸ்கோப் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நோட்டில் எழுதினாள். என் யோசனை என்று பெயரோடு எழுதினாள்.

அந்த நவம்பரில் அவள் மலைக்குப் போகவில்லை. தப்பு என்னவென்று தெரிந்துவிட்டது, சரிசெய்யத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ஊர் முழுக்க இறைச்சி தொங்கிய மாதத்தில் அவர்கள் வீட்டில் டப்பாச் சூப்.

தொண்ணூற்றெட்டு கோடையில் நடந்ததைத்தான் ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. ஜூலை மாதம், கிளப்புக் கூரைத் தகரம் சுடுகிற வெயில். கம்பளிக் கோட்டு, கையுறை, காது மூடிய தொப்பி, முதுகில் பை, எல்லாம் போட்டுக்கொண்டு வெல்மா வண்டியிலிருந்து இறங்கினாள்.

“யாராச்சும் டாக்டரைக் கூப்பிடுங்கப்பா” என்றான் மெர்ல். “அம்மாவுக்குச் சூடு தலைக்கேறிடுச்சு.”

“ஏன் வெல்மா, பனிச்சறுக்குக் கட்டையை மறந்துட்டியா?” இது நான். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

கட்டையின் வால்பக்கத்தை அறுத்துக் குட்டையாக்க வேண்டும் என்று முடிவானது அப்போதுதான். அது ஓர்வில் தன் கையால் எண்ணெய் தேய்த்து இருபது வருஷம் மெருகேற்றிய மரம். அவனிடம் கேட்கப் போனபோது நானும் இருந்தேன். அவன் துப்பாக்கியை மடியில் வைத்துத் தடவினான்.

“அறுத்துட்டா திரும்ப ஒட்ட முடியாது, வெல்.”

“தெரியும்.”

“இதை எவனாலயும் அப்புறம் தோள்ல வைக்க முடியாது. என்னாலகூட.”

“உனக்கு வேணும்னா விட்டுடறேன், ஓர்வில். நான் சுடறதையும் சேர்த்து.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “ரம்பத்தை எடுத்துட்டு வா. ஆனா அந்த டெல் கையில மட்டும் கொடுத்துடாத.”

முதல் அறுப்பில் ஒன்றே முக்கால் அங்குலம் எடுத்துவிட்டாள். அது அதிகம். சுட்டதும் கட்டைவிரல் மூக்கில் குத்தியது; வீங்கின மூக்கோடுதான் கோடை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிமாறப் போனாள். அப்போதுதான் அந்தக் காய்ப்பலகை. கால் அங்குலத் துண்டுகளாக அறுத்து, ஒன்று வைத்துச் சுட்டு, இரண்டு வைத்துச் சுட்டு, மூன்று வைத்துச் சுட்டு, மறுபடி ஒன்றைக் கழற்றினாள். இரண்டு. ரப்பரின் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் வழவழப்பான டேப்பை ஒட்டினாள். கம்பளியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு தோளில் உட்கார்ந்தது. வேர்வை வழிய வழிய எட்டுச் சனிக்கிழமை. உட்கார்ந்து, முட்டிபோட்டு, ஓடிவந்து மூச்சு வாங்க. செப்டம்பரில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்தாள். “கறுப்பே இல்ல, முழு வட்டம்” என்றாள். பத்து தடவை செய்தாள். பத்திலும் முழு வட்டம். அப்போது என்னைப் பார்த்து, “இந்த வருஷம் போறேன், டெல்” என்றாள். மெர்ல்கூட காபியைக் கீழே வைத்துவிட்டான்.

நவம்பர் பதினான்காம் தேதி, கணுக்கால் அளவு பனி. விடிந்து ஒரு மணி நேரத்தில் மேட்டைத் தாண்டியதும், எதிர்ச்சரிவில் பன்னிரண்டு எல்க். காற்று எங்கள் முகத்தில். ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் உட்கார்ந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சுடு, வெல்மா. திரும்புது பாரு.”

“வாயை மூடு.”

மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். எனக்கு அது ஒரு யுகம். பிறகு துப்பாக்கி தோளுக்குப் போனது. எங்கும் சிக்கவில்லை. கழுத்து நீளவில்லை. ஏதோ தன் கையைத் தானே மடக்கிக்கொள்வதுபோல அவ்வளவு சாதாரணமாக இருந்தது. ஒரு வெடி. ஓரத்தில் நின்ற பெண் எல்க் ஒன்பது அடி எடுத்து வைத்தது, நான் எண்ணினேன், மடங்கி விழுந்தது. அசையவில்லை.

வெல்மா துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு அழுதாள். சத்தமாக, மூக்கை உறிஞ்சி, கொஞ்சமும் வெட்கமில்லாமல் அழுதாள். இந்த மாதிரி ஒரு மனுஷியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

மற்ற எல்க்குகள் சரிவில் ஏறி ஓடி, மேலே நின்று திரும்பிப் பார்த்தன. அதில் ஒரு ஆண். இருநூற்றைம்பது கஜம், பக்கவாட்டில் நின்றது. என் சீட்டு இன்னும் பையில் இருந்தது. என் துப்பாக்கி அழகானது, ஒரு கீறல் கிடையாது. தூக்கினேன். ஸ்கோப்பின் ஓரத்தில் கறுப்பு. மெல்லிய பிறை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பிறை. நாற்பது நவம்பர்களாக அதைப் பார்த்து, கழுத்தை நீட்டி, சுட்டிருக்கிறேன். பெரும்பாலும் பட்டிருக்கிறது.

“என்ன நிக்கற?” என்றாள் வெல்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சுடு.”

“முழு வட்டம் இல்ல.”

“அப்ப கோட்டைக் கழட்டு.”

நான் பொத்தானில் கை வைப்பதற்குள் அது மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இருவரும் இறங்கி அந்தப் பெண் எல்க்கிடம் போனோம். குண்டு முன்னங்காலுக்குப் பின்னால், சரியாக நுரையீரலில். வெல்மா சீட்டை எடுத்துத் தேதியை வெட்டினாள். அவள் கத்தியைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: “எண்பத்துமூணுல ஒரு ஆண் எல்க்கை அடிச்சேன். ரத்தம் இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் தேடினேன். மறுநாள் வேற ஒண்ணைச் சுட்டு, அதுல சீட்டைக் கட்டிட்டேன்.”

அவள் சீட்டை மானின் காலில் கட்டி முடித்தாள். “யாருகிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

அவள் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு பின்னங்காலை என் பக்கம் நீட்டினாள்.

“இதைப் பிடிச்சுக்கோ, டெல். வெயில் ஏறதுக்குள்ள வெட்டி முடிக்கணும்.”