தலைவருக்கு இரண்டு வரி

தலைவரைக் கேலி செய்து பாடினால் எட்டு வருடம் உள்ளே போடுவார்கள் என்று நம்பியிருந்தேன். ஏன் எட்டு என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அதைவிட நீண்ட காலம் எனக்குத் தெரியாது.

நாரணாபுரம் பக்கம் எங்கள் ஊர். அத்தையும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்கள். கை உருட்ட, வாய் பாடும். பழைய பாட்டுதான். ஊராட்சித் தலைவர் மாறினால் பாட்டில் ஆள் மாறும், திருட்டு மாறாது. புதுத் தலைவருக்கு இரண்டு வரி கிடைத்திருந்தது:

பாலத்துக்கு வந்த கல்லு தலைவர் வீட்டுப் படியாச்சு
பருப்பு வாங்க வித்த தோடு நகைக் கடைக் குடியாச்சு

சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற அதே தலைவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். "யாராச்சும் ஒரு நாட்டுப்பாட்டு பாடுங்கலே" என்றார் வாத்தியார். கை தூக்கியவன் நான்; பாட்டில் வருகிற தலைவர் இவர்தான் என்று அப்போது உறைக்கவில்லை. ராகத்தோடு பாடி முடித்தபோது வாத்தியார் மிட்டாய்த் தட்டை என்னிடமிருந்து தள்ளி வைத்தார்.

"யாருலே சொல்லிக்குடுத்தா?" என்றார் தலைவர்.

எவ்வளவு அடித்தாலும் காட்டிக்கொடுக்காத தியாகிகளைப் பற்றி வாத்தியார் அப்போதுதான் பேசியிருந்தார். என்னை யாரும் அடிக்கவில்லை. "எங்க அத்தை" என்றேன். வீட்டுக்கு வழியும் சொன்னேன்.

சாயங்காலம் வாசலில் தலைவரின் ஜீப். "அத்தே, ஓடிருங்க!" என்று கத்திவிட்டு ஓடியவன் நான்தான். குழாய் மூட்டைக்குப் பின்னால் பதுங்கி, அத்தையை விட்டுவிட்டால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன். அத்தையின் முடியை.

தலைவர் கட்டிலில் உட்கார்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"ஏம்மா, முந்தின தலைவருக்கு எத்தனை வரி பாடுனீக?"

"ஆறு, அண்ணாச்சி."

"எனக்கு?"

"ரெண்டு."

"அப்புறம் ஊருக்குள்ள என்னை எவன் மதிப்பான்?"

அத்தை உருட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க வந்து ஒரு வருசந்தானே ஆகுது? இன்னும் நாலு வருசம் கெடக்கு. பாட்டு தன்னால நீளும், அண்ணாச்சி."

தலைவரே முதலில் சிரித்தார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் காதுத் துளையில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. திருடியதாகப் பாடியதற்குக் கோபப்படாதவர், குறைவாகப் பாடியதற்கு ஏன் வருந்தினார் என்பதும், அத்தை ஏன் சிரிக்கவில்லை என்பதும் மூட்டைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த எனக்கு விளங்கவில்லை.

யாரையும் யாரும் பிடித்துப் போகவில்லை. பாலம் வரவில்லை. அடுத்த வருடம் அவருக்கு எட்டு வரி. அத்தையின் காதில் அதே ஈர்க்குச்சி.