பெயர் ஓடும்போது நிறுத்திய கை

கடையில் கிடைக்காத படத்தைத் தேடிக் கொடுப்பதுதான் வீடியோ கடைக்காரன் தொழில். கிடைக்கிற படத்துக்கு நம்மிடம் எவன் வருவான்? கேசட்டில் பூத்த பூஞ்சையை வேட்டி நுனியால் துடைத்திருக்கிற சகாக்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டே கேசட்

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் கடை திறந்தேன். அப்போது டிவியில் பதின்மூன்று வாரத் தொடர் ஒன்று வந்தது. பனமலை ஏரியில் மதகு காக்கிற ஒருவனின் கதை. நம்ம பக்கத்துக் கதை என்பதால் விட்டுப்போன வாரங்களைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பதிய ஆரம்பித்தேன். ஒருநாள் காற்றில் ஆன்டெனா சாய, என் மச்சான் மாடியில் அதைப் பிடித்து நின்றான். வல்லம் வரைக்கும் அன்றைக்குப் படம் தெளிவாகத் தெரிந்ததாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

டேப்பை மிச்சம் பிடிக்க, விளம்பரம் வந்தால் பதிவை நிறுத்துவேன். முன்னும் பின்னும் பெயர்கள் ஓடும்போதும் நிறுத்துவேன். பதின்மூன்று வாரமும் இரண்டே கேசட்டில் அடங்கிவிட்டது. முதலில் எடுத்துப்போன மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரிக்கு ஏக சந்தோஷம்.

"பேரு ஓடறத எவன்ணே பாத்துக்கினு இருப்பான், கதைய போட்டா போதும்."

சட்டம் பேச வந்தவர்

கேசட் போய் சிடி வந்தது. அந்த இரண்டையும் சிடியில் ஏற்றி, விழுப்புரத்திலிருந்து கேட்டு வந்தவர்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் தேய்த்த சட்டையில் ஒருவர் வந்தார். தொடரின் உரிமையை வாங்கிய சென்னைக் கம்பெனிக்காரர். அனுமதியில்லாமல் நகல் எடுப்பது திருட்டு, கேஸ் போடலாம் என்று அரைமணி நேரம் பேசினார். அவருக்கு ஒரு டீ வரவழைத்தேன். கேட்கிறவர்களை உங்களிடமே அனுப்புகிறேன், எங்கே விற்கிறீர்கள் என்றேன். எங்கேயும் விற்கவில்லை என்றார். டீயைக் குடித்து முடித்து, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க டேப்ப அழிச்சு வேற தொடர பதிஞ்சுட்டாங்க. உங்க காப்பியில ஒண்ணு போட்டுக் குடுங்க பெரியவரே."

காணை வாத்தியார்

என் காப்பியையே அவர்கள் இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். பெயர்கள் இல்லாத இடத்தில் கம்பெனி முத்திரை வந்தது. சில மாதம் கழித்து, காணையில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து சார் தேடி வந்தார். அந்தத் தொடரின் கதை அவருடையது. ஆயுளில் எழுதிய ஒரே கதை. வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்ததால் கையில் ஒரு தாளும் இல்லை. வாராவாரம் கடைசியில் அவர் பெயர் வந்தது, அவ்வளவுதான். பணம் வேண்டாம், பெயரைப் போடுங்கள் என்று கம்பெனியிடம் கேட்டிருக்கிறார். பெயர் வந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்லிவிட்டார்களாம்.

"பேத்தி போன்ல பாத்துட்டு, ஏன் தாத்தா பொய் சொன்னேன்னு கேக்குதுங்க. உங்க பழைய கேசட்டுல என் பேரு இருக்கும்."

ஒன்பதாவது வாரம்

இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேசட்டை எடுத்துப் போட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வாரமாகப் பார்த்தோம். ஒன்பதாவது வாரத்தின் முடிவில் என் கை கொஞ்சம் பிந்தியிருந்தது. கறுப்புத் திரையில் 'கதை' என்று வெள்ளை எழுத்து வந்தது. பெயர் வருவதற்குள் பத்தாவது வாரம் தொடங்கிவிட்டது. அப்போதுதான் நான் செய்ததைச் சொன்னேன். சார் திட்டவில்லை. அந்த ஒரு சொல்லை நாலு தடவை போட்டுக் காட்டச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க கை ரொம்ப ஜல்திங்க."

மறு வாரமே, 'கதை: காணை சவரிமுத்து' என்று முகப்பில் எழுதி என் காப்பியை இன்டர்நெட்டில் ஏற்றினேன். இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கம்பெனி புகார் கொடுத்து எடுக்க வைத்தது. போன் போட்டேன். அதே தேய்த்த சட்டைக்காரர்தான் பேசினார்.

"நீங்க பண்ணது திருட்டுங்க, பெரியவரே."

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம் என்று ஆயிரம் கதை அளந்த நான் எழுதி வைத்த ஒரே உண்மையைத் திருட்டென்று எடுத்துவிட்டார்கள், நான் பெயரைத் திருடிய காப்பி மட்டும் சட்டப்படி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.