எட்டு மணி ஷிப்டும் என் புரமோஷனும்

'எப்போது பார்த்தாலும் ரயில் கதைதானா' என்று அலுத்துக்கொள்ளும் வாசகர்கள் மன்னிக்கவும். இதுவும் ரயிலில்தான் ஆரம்பித்தது.

போன வாரம் திங்கட்கிழமை, ஆரம்பாக்கத்தில் ஏறியதுமே பக்கத்து வீட்டு மேரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறவர்.

"இன்னா கண்ணு, உன் மிஷினு எனுக்கு மூணு தபா லேட்டுன்னு போட்டுக்கீது. அரை நாள் லீவு பூடுச்சி. சங்கு ஊதறதுக்கு முன்னாலியே கார்டு தேச்சிட்டேன் நானு."

அங்கே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட காலம் போய், இந்த வருஷம்தான் கார்டு வந்தது. அதற்கு சாஃப்ட்வேர் எழுதியது சென்னையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி. நான் பேக்எண்ட் — அதாவது, கார்டைத் தேய்த்த பிறகு யார் கண்ணிலும் படாமல் உள்ளே நடக்கிற வேலை.

ஆபீஸ் போய்ப் பார்த்தேன். ரயில் வந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கார்டு தேய்க்கிறது. பதிவுகள் கம்ப்யூட்டரில் வரிசை கட்டி நிற்கின்றன. நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? கார்டு தேய்த்த நேரத்தை விட்டுவிட்டு, பதிவு வந்து சேர்ந்த நேரத்தை எழுதி வைத்திருந்தேன். தினமும் அதே ரயிலில் இடிபட்டுப் போகிறவள்... அந்தக் கூட்டத்தை மறந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் டெக் லீட் பதவிக்கு, அதாவது எங்கள் குழுவுக்குத் தலைமை தாங்க, என் பெயர் மேலே போயிருந்தது. ஆறு வருஷமாகக் காத்திருந்த பதவி.

மறுநாள் தொழிற்சாலையில் மீட்டிங். காரில் போகும்போதே என் மேனேஜர் பாடம் எடுத்தார். "ஆளுங்க கார்டைச் சரியா தேய்க்கலைன்னு சொல்லிடலாம். நீ வாயைத் திறக்காதே."

திறந்தேன். "தப்பு எங்க புரோகிராம்ல சார். எழுதினது நான். அவங்க நேரத்துக்குத்தான் வந்திருக்காங்க."

தொழிற்சாலையின் பர்சனல் அதிகாரி என்னையே பார்த்தார். "எத்தனை பேருக்கும்மா இப்படி ஆயிருக்கு?"

"லிஸ்ட் கொண்டுவந்திருக்கேன் சார்."

அவர் வாங்கிக்கொண்டார். போட்ட லீவையெல்லாம் ரத்து செய்வதாகச் சொன்னார். திரும்பும் வழியில் மேனேஜர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"லீடா ஆகப் போறவ பேசுற பேச்சா இது?"

"லீடா ஆகப் போறவ வேற எப்படி சார் பேசணும்?"

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பதவி இல்லை. காரணம் — கிளையன்ட் முன்னால் பேசும் பக்குவம் போதாது.

அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அழுது முடித்ததும் ஆத்திரம்தான் வந்தது. பேக்எண்டில் தப்பு செய்தால் வெளியே தெரியாது. தெரியாது என்பதற்காக அதைத் தூக்கி மேரி அக்கா தலையில் போட்டால், அதற்குப் பெயர் பக்குவமா? அந்தப் பக்குவம் எனக்கு வேண்டாம். ஆனால் பதவி வேண்டும்.

நேற்று ரயிலில் மேரி அக்கா இடம் போட்டு வைத்திருந்தார்.

"லீவெல்லாம் எட்த்துட்டாங்க கண்ணு. உனுக்கு அந்தப் பெரிய வேலை இன்னாச்சி?"

"கிடைக்கலக்கா. மறுபடி கேக்கப் போறேன்."

"கேளு. இன்னாத்துக்கு உடுற?"

நேற்றே கேட்டுவிட்டேன். விண்ணப்பத்தில் 'உங்களிடம் உள்ள குறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: தப்பு செய்தால் ஒப்புக்கொண்டுவிடுவேன்.