எடை போடாத பூண்டு மூட்டை

பூம்பாறைப் பூண்டு மூட்டைகள் நம் செயலியில் நகராமல் நின்றதற்கு, என்னோடு வேலை பார்க்கும் நீங்கள்தான் காரணம். பழியை மட்டும் என் மேல் போட்டீர்கள்.

ரூபி என்ற நிரல்மொழியில் எழுதிய அந்தச் செயலியில் ஒரு மூட்டை 'பதிவானது' என்ற நிலையிலிருந்து 'ஏற்றியது' என்ற நிலைக்குப் போக வேண்டும். அன்று காலை எத்தனை முறை அழுத்தியும் போகவில்லை. பூம்பாறை விவசாயி ஒருவர் போன் செய்தார்.

"மூட்டை வெள்ளனே பஸ்ல ஏறிப் போயிருச்சுங்க. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் எங்க வீட்டு வாசல்லயே கெடக்கு. பஸ்ஸ நிறுத்தி எறக்கிறவா?"

நிரலை வரிவரியாகப் பார்த்தேன். எடையைப் பதியாமல் ஏற்றக் கூடாது என்று நீங்கள் நிபந்தனை வைத்திருந்தீர்கள். அங்கே முதலில் பஸ்ஸில் ஏற்றுவார்கள். கொடைக்கானல் கடையில்தான் எடை போடுவார்கள். நிபந்தனையைக் கடைக்கு வந்த பிறகு என்று மாற்றினேன். மூட்டைகள் நகர்ந்தன.

எடை பதியாமல் நகரக் கூடாது என்ற அதே நிபந்தனையை நம் அலுவலகக் கணினியில் உங்கள் விடுப்பு விண்ணப்பத்துக்கு வைத்தவன் நான்தான்.

"என் லீவு ஏன் பாஸாகல?" என்று கேட்டீர்கள்.

"தராசுல ஏறி நின்னுட்டு வாங்க" என்றேன்.

ஆனால் தப்பு என்னுடையது என்று விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. அவர்கள் இப்போது என் போனை எடுப்பதில்லை. அந்த நிபந்தனையை எழுதியது யார் என்று அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி பதில் சொல்லுங்கள்.