கொடைக்கானலும் அறுப்பு மிஷினும்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் டூரே போனதில்லை என்றால் என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஏன், போன வருஷம் திருக்கடையூர் போனோமே?" என்பார். அது அவருடைய சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் போய், பந்தியில் பரிமாறிவிட்டு, சாயந்திரம் திரும்பினோம். வழி நெடுக அடுத்தவர் வயலில் கதிர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதுவும் டூராம்!

எப்போது கேட்டாலும் "அறுப்பு முடியட்டும்" என்பார். இந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. தை கடைசியில் அறுப்பு முடிந்துவிடும் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, மாசி பிறந்ததும் கொடைக்கானலில் மூன்று நாளைக்கு ரூம் போட்டுவிட்டேன். கூடவே ஒரு சட்டம். கிளம்பினதிலிருந்து நெல், வயல் என்று யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ, அவர் ஒரு மாசம் பாத்திரம் தேய்க்கவேண்டும்.

"உன்னால முடியுமா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளம்புகிற அன்று காலையில் மிஷின் புரோக்கர் போன் பண்ணினார். பத்து நாளாக இதோ அதோ என்று போக்குக் காட்டிய அறுப்பு மிஷின் இன்றைக்குத்தான் எங்கள் வயலுக்கு வருகிறதாம். விட்டால் ஒரு வாரம் ஆகுமாம். புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய நின்ற நான், அதைக் கழற்றி மடித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் போனில், "பக்கத்து வயல்ல இறக்குங்க. நாங்க ஊருக்குப் போறோம்" என்றார்.

வந்த மிஷினைத் திருப்பி அனுப்பிய ஆளை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. புரோக்கரும் பார்த்ததில்லை போல. "உடம்புக்கு ஏதும் முடியலீங்களா?" என்று விசாரித்தார்.

கொடைக்கானல் ரூமில் ஜன்னலைத் திறந்தேன். சடசடவென்று மழை.

"ஆகா, என்ன அழகு!" என்றார் அவர்.

நான் வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தேன். "ஏங்க, நம்ம பக்கமும் பெய்யுமோ? கதிரெல்லாம் சாஞ்சிடுமே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "அங்க நல்ல வெயில்தான். வத்தலகுண்டுல டீ குடிக்க இறங்கினப்பவே பக்கத்து வயல்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்" என்றார்.

அப்படியானால் முதலில் வாயைத் திறந்தது அவர்தானே! சட்டப்படி பாத்திரம் அவருக்குத்தான். ஆனால் அந்த மாசம் முழுக்க நானே தேய்த்தேன். மிஷினைத் திருப்பி அனுப்பின மனுஷன் கையில் தேங்காய் நாரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.