பஜனை என்று சொல்லி எடுத்த ஆல்பம்

எங்கள் ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். அதனால் இரண்டாவது ஆல்பத்துக்காக முதலியார்பேட்டையில் ஒரு மாடி அறையைப் பிடித்தபோது, கீழ்வீட்டு ஓனரம்மாவிடம், "பஜனை பாடப் போறோம்மா" என்று சொல்லிவிட்டோம். சொன்னது நான்தான். நான்கு பேரில் நான் ஒருத்திதான் பெண். என் முகத்துக்குப் பொய் பொருந்தும் என்று மற்ற மூவரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஓனரம்மா நம்பினார். அதுதான் வினையாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சுண்டலோடு மாடி ஏறி வருவார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கிட்டாரின் இரைச்சலைக் குறைப்பேன். டிரம்மர் குச்சிகளைப் போட்டுவிட்டு ஜால்ராவை எடுப்பான். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் எங்கள் பாடகன் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்று உருகுவான். ஆறே வாரத்தில், கொசுவைத் திட்டும் பாட்டிலிருந்து முருகனுக்குத் தாளம் தப்பாமல் தாவப் பழகிவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கிண்ணத்தை ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி கொசுப் பாட்டு ஒண்ணு பாடுனீங்களே, அதைப் பாடுங்க."

டிரம்மர் ஜால்ராவை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் படியேற ஏற நீங்க பாட்டை மாத்துறீங்களே, அந்தக் கூத்தைக் கேக்கத்தான் வர்றேன். இல்லன்னா இந்த முட்டிவலியோட எனக்கு எதுக்கு மாடி?"

பாடிக் காட்டினோம். இரண்டாவது சரணம் சப்பென்று இருப்பதாகச் சொன்னார். கொசுவைத் திட்ட அவரே நான்கு வசவுகள் எடுத்துக் கொடுத்தார். அவற்றில் இரண்டை இங்கே எழுத முடியாது. நான்கும் ஆல்பத்தில் இருக்கின்றன.

தெருவில் யாராவது கேட்டால், "மேல பஜனை நடக்குது, இது புது மாதிரி" என்று அவரே சமாளித்தார். கொஞ்சம் அதிகமாகவே சமாளித்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்குத் தெருக்கோடி முருகன் கோயிலில் பாடச் சொல்லி ஆள் வந்துவிட்டது. மறுக்க வழியில்லை. நெற்றி நிறைய விபூதியோடு போய் உட்கார்ந்தோம். இரண்டு பாட்டு வரை எல்லாரும் அடக்கமாகத்தான் இருந்தோம். மூன்றாவதில் டிரம்மருக்குக் கை நிற்கவில்லை. நானும் கிட்டாரின் இரைச்சலைத் திருகி ஏற்றிவிட்டேன். பயந்துகொண்டே தர்மகர்த்தாவைப் பார்த்தேன். அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஆல்பத்தை இணையத்தில் போட்டோம். கேட்டவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள்தான்.